நசியாத தேசிக்காய்

மொன்றியல் தீவின் மேற்கே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் காரில் போகும்போது ஏதாவதொரு பண்ணை வாசலில் பழைய மூன்று சில்லு வண்டி, அதாவது மூன்று சக்கர வண்டி, நிற்பதைக் கண்டால், என் கால் தானாகவே பிரேக்கில் போய்விடும். இறங்கிப் போய் அதன் சில்லைப் பெருவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். விரல் உள்ளே அமிழ்ந்தால் வண்டி நல்ல கையில் இருக்கிறது என்று அர்த்தம். அமிழாவிட்டால் வீட்டுக் கதவைத் தட்டி, காற்றைக் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். என் கணவர் காருக்குள் இருந்தபடி தலையில் அடித்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வண்டியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளுக்கும் குழந்தைகள் ஓட்டும் மூன்று சில்லு சைக்கிளுக்கும் கலியாணம் நடந்து பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு, ஒவ்வொன்றும் பூசணிக்காய் போலக் கொழுத்தது. சேறு, பனி, வயல் எல்லாவற்றிலும் போகும். ஆட்களைக் கவிழ்க்கிறது என்று பெயரெடுத்ததால் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இருந்தவையெல்லாம் களஞ்சியங்களுக்குள் தூசி பிடித்துக் கிடந்தன. அப்படிக் கிடந்த ஒன்றைத்தான் சின்ன மாமா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. பியர்பொன்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலவறையில் இருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. அதிகம் கதைக்கமாட்டார், சிரிப்பது அதைவிடக் குறைவு. அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் இன்னொரு தம்பி இருந்தவர், பெரிய மாமா. அவரைக் கூடத்துச் சுவரில் படமாக மட்டுமே எனக்குத் தெரியும். ஒருநாள் பின்னேரம் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனவர் திரும்பி வரவில்லையாம். அவர் கதை வரும்போதெல்லாம் அம்மா ஒரே வசனத்தைத்தான் சொல்லுவா. "திறப்பை ஒளிச்சு வைச்சிருந்தனான். நான்தான் எடுத்துக் குடுத்தனான்." அதோடு எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவா. திறப்பு என்றால் சாவி. அது எந்தச் சாவி, அதைக் கொடுத்ததில் என்ன பிழை என்று எனக்கு விளங்கியதில்லை. கேட்டால் அப்பா பேச்சை மாற்றுவார்.

மாமாவோடு வேலை செய்த பெரிய மீசை வைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு மொன்றியல் தீவின் மேற்குக் கோடியில் பண்ணை இருந்தது. கோடையில் மாமா அவருக்கு வைக்கோல் அடுக்கிக் கொடுக்கப் போனபோது, களஞ்சியத்து மூலையில், கோழி முட்டையிட்டுக் கொண்டிருந்த இருக்கையோடு, இந்தச் சிவப்பு வண்டியைக் கண்டிருக்கிறார். மீசைக்காரர் எடுத்துக்கொண்டு போ என்று கொடுத்துவிட்டார். அவருடைய பிக்கப்பில் அது எங்கள் வாசலில் வந்து இறங்கியபோது அம்மா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நாலாஞ் சில்லு எங்கையடா?" என்று கேட்டா.

அந்த மாரிகாலம் முழுவதும் மாமா கராஜுக்குள்ளேயே கிடந்தார். வண்டியைக் கழற்றி, தமிழ்ப் பேப்பர்களை விரித்து, அதன்மேல் ஒவ்வொரு உறுப்பாக வைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினார். சோற்றில் பெட்ரோல் மணக்கிறது என்று அம்மா பேசினா. பேசிவிட்டு, கிழிந்த இருக்கைக்குத் தன் தையல் மெஷினில் கறுப்பு றெக்சின் உறை தைத்துக் கொடுத்தா. ஓரத்தில் அழகுக்கு ஒரு சிவப்புக் கரையும் வைத்தா. வண்டி வேண்டாம் என்கிறவர் எதற்காக அதற்குச் சட்டை தைக்கிறார் என்று நான் குழம்பினேன். அந்த வீட்டில் நான் குழம்பாத நாட்கள் குறைவு. பெரியவர்கள் ஒன்றைச் சொல்லிக்கொண்டு இன்னொன்றைச் செய்வார்கள், நடுவில் நின்று நான் முழிப்பேன்.

பனி உருகியதும் ஒரு சனிக்கிழமை, மாமா கயிற்றைப் பிடித்து இழுத்தார். அந்த வண்டியைக் கிளப்புவது அப்படித்தான். இரண்டுமுறை இருமியது, பிறகு படபடவென்று பிடித்துக்கொண்டது. மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா வாசலில் நின்று அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, பூசை செய்யாமல் ஒருவரும் அதில் ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு உள்ளே போனா.

மறுநாள் காலை பூசை. வண்டியின் விளக்குக்குச் சந்தனமும் குங்குமமும், கைபிடிக்கு ஒரு மாலை. பெட்ரோல் தாங்கியின் பக்கத்தில் கற்பூரம் கொளுத்தப்போன அம்மாவை அப்பா பதறிப்போய்த் தடுத்தார். மூலை டெப்பனேர் கடையில் வாங்கிய தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், சில்லுக்கு ஒன்றாக வைக்கப்பட்டது. பழக்கத்தில் அம்மா நாலு வாங்கிவிட்டதால் ஒன்று என் கையில் மிஞ்சியது. எதிர்வீட்டு ஆட்கள் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். மாமா ஏறி இருந்து வண்டியை மெல்ல முன்னே விட்டார்.

தேசிக்காய் நசியவில்லை.

மூன்றும் நசியவில்லை. வண்டி அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போய்விட்டது. சில்லுகள் தேசிக்காய்களைத் தலையணை மாதிரி தங்களுக்குள் வாங்கி, பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டன. ஒன்று உருண்டு அம்மாவின் காலடிக்கு வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. பெரிய லொறியைப் பார்த்தாலும் பயப்படாத அம்மாவின் முகம் வெளுத்துப் போனது.

"கனடாத் தேசிக்காய், தோல் தடிப்பு" என்று அப்பா சமாளித்துப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. குனிந்து சில்லை அழுத்தினா. விரல் உள்ளே போனது.

"இதுக்குக் காத்துக் காணாது. போய் அடிச்சுக்கொண்டு வாங்கோ." காணாது என்றால் போதாது.

"அக்கா, இதுக்குக் காத்துக் குறைவாத்தான் இருக்கவேணுமாம்" என்றார் மாமா. மீசைக்காரர் அப்படிச் சொல்லியிருந்தார். அந்த வண்டிக்கு வேறு ஸ்பிரிங் கிடையாது, குலுக்கலைத் தாங்குவது அந்த மெத்தென்ற சில்லுகள்தான். ஆனால் அதற்குள் அம்மா அழத் தொடங்கிவிட்டா. சத்தமில்லாத அழுகை. மாமா ஒரு நிமிடம் அவவைப் பார்த்தார். பிறகு வண்டியைத் தெருமுனைப் பெட்ரோல் நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார், அப்பாவும் கூடப் போனார். திரும்பி வந்தபோது சில்லுகள் மேளம் போல விம்மியிருந்தன. இரண்டாம்முறை தேசிக்காய்கள் சாறு தெறிக்க நசிந்தன. என் சட்டையிலும் பட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தா, எதிர்வீட்டுக்காரருக்கும் சேர்த்து. எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. என்ன ஆபத்து வந்து என்ன ஆபத்து போனது என்று தெரியாவிட்டாலும், போனது நல்லது என்று பட்டது.

அன்று மத்தியானமே மீசைக்காரரின் பிக்கப்பில் வண்டியை ஏற்றிக்கொண்டு பண்ணைக்குப் போனோம். அம்மா புட்டும் மீன்குழம்பும் கட்டி எடுத்து வந்தா. மாமா ஏன் அங்கே போய்க் காற்றைக் குறைக்கவில்லை என்று பின்னாட்களில் யோசித்திருக்கிறேன். அம்மா அவரை விட்டு ஓரடி நகரவில்லை என்பதுதான் நான் கண்ட காரணம்.

புல்வெளியில் மாமா முதல் சுற்று வந்தார். வண்டி ஓடியதைவிடத் துள்ளியதுதான் அதிகம். ஒவ்வொரு மேட்டிலும் மாமா இருக்கையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தார். நான் அதுதான் விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினேன். அடுத்தது என்னை ஏற்றுவதாக மாமா சொல்லியிருந்தார், அதனால் வேலியோரம் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது சுற்றில் ஒரு சின்ன வாய்க்கால் வந்தது. முன்சில்லு பந்து போல மேலே எகிறியது. மாமா விழாமலிருக்கக் காலை நிலத்தில் ஊன்றினார். பின்சில்லு அந்தக் காலின்மேல் ஏறிவிட்டது, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது.

அம்மா ஓடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. செருப்பு ஒருபக்கம், சேலைத் தலைப்பு ஒருபக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமா புல்லில் கிடந்தார், கணுக்கால் இருக்கவேண்டிய திசையில் இல்லை. அம்மா அவருடைய தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தம்பி தம்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தா. மீசைக்காரர் வண்டியை நிமிர்த்தினார். சில்லைப் பெருவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போகவில்லை. அவர் முகம் சிவந்து, பிரெஞ்சில் படபடவென்று பேசினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தது நான் ஒருத்திதான். டொக்டரிடம், வீட்டுக்காரரிடம், எங்கும் மொழிபெயர்ப்பு என் வேலை. ஒன்பது வயதில் அது எனக்குப் பெரிய பெருமையும்கூட. அம்மா என்னைப் பார்த்து, "என்னவாம்?" என்றா.

அவர் சொன்னது ஒன்றும் கடினமானதல்ல. யார் இதற்கு இவ்வளவு காற்று அடித்தது, காற்று கூடினால் துள்ளிக் கவிழ்க்கும், வண்டியில் ஒரு பிழையும் இல்லை. இவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். கீழே கிடந்த மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பண்டகசாலையில் அந்த மனிதரோடு பழகியதில் மாமாவுக்கும் அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்.

"வண்டி பழசாம் அக்கா. அதுதானாம்" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் வாயை மூடிக்கொண்டேன். மொழிபெயர்ப்பில் மாமா இப்படிப் பிழை விடுவார் என்று நான் நினைக்கவில்லை.

"முதல்லயே காட்டினது. தேசிக்காய் நசியாமக் காட்டினது, நான்தான் கேக்கேல்லை" என்று அம்மா விம்மினா. அந்த வண்டி இனித் தன் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்றா. மாமா உடனே, ஓம் அக்கா என்றார். ஒரு மாரிகாலம் முழுவதும் தேய்த்துத் துடைத்த வண்டியை ஒற்றைச் சொல்லில் விட்டுக்கொடுத்தார். அவருக்காக எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் காற்றைக் குறைத்துவிட்டு வண்டியை வைத்துக்கொள்ளலாமே. அப்பா தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காலில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு மாமா ஒருநாள் வண்டியிடம் விடைபெறப் பண்ணைக்குப் போனார். அப்பா காரை ஓட்டினார், மீசைக்காரரோடு கதைக்க நானும் போனேன். வண்டி பழைய மூலையிலேயே நின்றது, கோழிகள் இன்னும் அம்மா தைத்த இருக்கையைக் கண்டுபிடிக்கவில்லை. மாமா ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுச் சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு ஆணியால் வால்வை அழுத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் விட்டார், மறுபடி அழுத்தினார். பிறகு என் கையைப் பிடித்து என் பெருவிரலையும் வைத்து அழுத்தச் செய்தார். இப்படியே வைத்திருக்கும்படி மீசைக்காரரிடம் சொல்லு என்றார். சொன்னேன். அதில் ஒரு பிழையும் விடவில்லை.

திரும்பிக் காருக்கு வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "காத்துக் கூடினதாலைதான் எண்டு அம்மாட்டைச் சொன்னா, வண்டியை வைச்சிருக்கலாம்தானே மாமா?"

மாமா நின்றார். களஞ்சியத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லாதை பிள்ளை. உன்ர அம்மாவுக்கு ஒரு திறப்பே காணும்."

வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. காற்றைப் பற்றிக் கேட்டால் மாமா எதற்குத் திறப்பைப் பற்றிச் சொல்கிறார்? அந்த வண்டியை அங்குலம் அங்குலமாக எனக்குத் தெரியும். கயிற்றை இழுத்தால் கிளம்பும். அதற்குத் திறப்பே கிடையாது.