ஆமாம் என்றால் ஓர் இமைப்பு

முதலில் நழுவியது என் இடது கால் செருப்பு. நகரி பஸ் நிலையத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து பூ விற்கும் பெண், "மேடம், மீ செப்பு!" என்று தெலுங்கில் கத்தினாள். திரும்பிப் பார்த்தால் பத்தடி தள்ளி என் செருப்பு கிடந்தது. சுடுகிற தார்ச் சாலையில் பத்தடி வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். கால் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்து என் காலடியில் போட்டாள். நான் "ம்" என்றுகூடச் சொன்னதாக நினைவில்லை. மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்போது நான் அப்படித்தான் இருந்தேன். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் பேசுவது தமிழ், வகுப்பில் சொல்லிக் கொடுப்பது தெலுங்கு. கணவர் வீட்டுக்குப் பின்னால் நான்கு பவர்லூம் ஓட்டுகிறார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவரிடம்கூட ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம். பக்கத்து வீட்டில் கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால், மறுநாளே அந்தக் கிண்ணத்தில் எதையாவது நிரப்பித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அது அன்பினால் செய்ததில்லை. யாருக்கும் கடமைப்பட்டவளாக ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அன்று வகுப்பில் சாக்பீஸ் மூன்று தடவை கையிலிருந்து விழுந்தது. மறுநாள் காலை உட்கார்ந்து பாத்திரம் துலக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், தொடைகள் எழவில்லை. சுவரைப் பிடித்து எப்படியோ எழுந்து, வெயில்தான் காரணம் என்று நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது.

"இன்னாம்மே இது? கௌம்பு, திருப்பதிக்குப் போலாம்" என்றார் கணவர்.

"ஸ்கூல்ல பரிட்சை நடக்குது."

"உன்னால நிக்கவே முடியல. பரிட்சையாம் பரிட்சை."

தெருவில் வந்து நின்ற வாடகைக் காருக்கு நடந்தே போகிறேன் என்றேன். வாசற்படியில் இரண்டு கால்களும் மடிந்தன. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு போனார். தெருவே பார்த்தது. வலியைவிட அந்த வெட்கம்தான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் கட்டிலருகே நின்று பொறுமையாகச் சொன்னார். வாயில் நுழையாத ஒரு நோயின் பெயர். உடம்பைக் காக்க வேண்டிய படையே நரம்புகளின் மேலுறையை அரித்துக்கொண்டிருக்கிறதாம். "உறை மறுபடியும் வளரும்மா. எப்போ என்றுதான் சொல்ல முடியாது."

அந்த உறையை எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து, பிள்ளைகளை மஞ்சள் கலர் அடிக்கச் சொல்லி, மதிப்பெண் போட்டிருக்கிறேன். அது எனக்குள்ளும் தலையிலிருந்து கால் நுனிவரை ஓடுகிறது, அதனால்தான் நான் நடக்கிறேன், விழுங்குகிறேன், இந்தச் சாக்பீஸைப் பிடித்திருக்கிறேன் என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

இரண்டு நாளில் மூச்சும் போனது. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தோடு இணைத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். விரல் அசையவில்லை, நாக்கு அசையவில்லை. கண்ணிமைகள் மட்டும் மிஞ்சின. மூளை முழுசாக விழித்திருந்தது. என் தலைமாட்டில் நின்று எல்லோரும் என்னைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

முதலில் பேசியவர் வார்டில் துடைக்கிற, துணி மாற்றுகிற வேலை பார்த்த அக்கா. குப்பம் ஊருக்கு அருகே குடுபல்லியிலிருந்து வந்தவர், தமிழ்க்காரர். ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், வார்டுக்கே கேட்கும் குரல்.

"டீச்சரம்மா, நான் பேசறது கேக்குதா? கேட்டா கண்ண ஒரு தபா மூடித் தொற. கேக்கலன்னா ரெண்டு தபா."

ஒரு தடவை இமைத்தேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "கேக்கலன்னா நீ எப்டி ரெண்டு தபா மூடுவே? எனக்குப் புத்தியே இல்ல பாரு. சரி, இனிமே ஆமான்னா ஒரு தபா, இல்லன்னா ரெண்டு தபா."

நான்கு நாளாகப் பிணம்போலக் கிடந்தவளுக்கு அந்த நிமிடத்தில் ஒரு மொழி கிடைத்தது. அதில் இரண்டே சொற்கள்தான். உலகத்தோடு பேச அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் பார்வை நேரத்தில் அந்த அக்கா என் கணவருக்கும் சொல்லிக் கொடுத்தார். கணவர் அதற்கு மேல் ஒரு படி போனார். லுங்கி அடுக்குகிற அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுத்துகளை எழுதி எடுத்துவந்தார். அவர் படித்தது தெலுங்கு மீடியம், தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அட்டையில் இருந்தது தெலுங்கு எழுத்து, நாங்கள் பேச வேண்டியது தமிழ். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் நான் இமைக்க வேண்டும்.

அன்று நான் சொல்ல நினைத்தது ஒரே ஒரு விஷயம். காலையிலிருந்து மூக்கு அரித்தது. சாதாரண அரிப்புதான். கை அசைகிறவர்களுக்கு அது அரை விநாடி வேலை. எனக்கோ அந்தப் பகல் முழுவதும் அதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

அவர் விரல் 'ம' வரிசைக்கு வந்தது. இமைத்தேன். ம, மா, மி, மீ, மு, 'மூ'. இமைத்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மூச்சா? மூச்சு முட்டுதா? சிஸ்டர்! சிஸ்டர்!" அட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள், ஒரு டாக்டர் வந்தார். இயந்திரத்தைப் பார்த்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், விரலில் மாட்டிய கிளிப்பைப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. என் கணவர் சுவரோரம் ஒட்டி நின்றிருந்தார். நான் இரண்டிரண்டாக இமைத்துக்கொண்டே இருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

எல்லோரையும் விலக்கிக்கொண்டு அக்கா வந்தார்.

"மூச்சா டீச்சரம்மா?"

இரண்டு இமைப்பு.

"மூத்திரமா?"

இரண்டு.

"அப்போ மூக்கா?"

ஒன்று.

"மூக்குல இன்னா? வலிக்குதா?"

இரண்டு.

"அரிக்குதா?"

ஒன்று.

அவர் கையைத் துடைத்து, ஒரு சிறு துணியை விரலில் சுற்றி, மெதுவாகச் சொறிந்தார். "இங்கியா? கொஞ்சம் மேலியா?" சரியான இடம் வந்தபோது என் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அதையும் அவரே துடைத்தார். டாக்டர் சிரித்தார். என் கணவர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், "இதுக்கா நான் அந்த ஓட்டம் ஓடனேன்?" என்றார்.

அந்தச் சுகத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நாற்பத்திரண்டு வயது வரை எத்தனை ஆயிரம் தடவை மூக்கைச் சொறிந்திருப்பேன். ஒரு மனிதர் இன்னொருவருக்கு இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு சின்ன விரலால் செய்துவிட முடியும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. திருப்பித் தர என்னிடம் அன்று எதுவும் இல்லை. கிண்ணமும் இல்லை, கையும் இல்லை. கடன்பட்டேன், அவ்வளவுதான். அது அவமானமாக இருக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் முதலில் கவனித்தேன்.

ஆறாவது வாரம் தோள் ஒரு நூலளவு அசைந்தது. பிறகு மூச்சு திரும்பத் தொடங்கியது. "இன்றைக்கு ஐந்து நிமிடம் இயந்திரம் இல்லாமல் பாருங்கள்" என்றார் டாக்டர். இயந்திரத்தைக் கழற்றிய கணம் பயந்துபோனேன். பிறகு என் நெஞ்சு தானாக எழுந்தது. யாரோ உள்ளே இருந்து தூக்கிவிடுவதுபோல எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. நான் சொல்லிக் கொடுக்காமலே அதற்குத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிடமும் கும்பிடுகிற மனசோடு அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் பத்து நிமிடம். அதற்கடுத்த வாரம் ஒரு முழுப் பகல்.

தண்ணீர் அதற்கும் பிறகு. விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் ஒரு ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து நாக்கில் விட்டார். குளிர்ந்த தண்ணீர். அது நாக்கில் பரவி, பின்னால் போய், தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கி, உள்ளே போனது. போகிற வழி முழுவதும் தெரிந்தது. தண்ணீருக்கு ருசி கிடையாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

பேச்சு வரும் நாளுக்காக ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், அந்த அக்காவிடம் சொல்ல. ஆனால் எந்தச் சொல்லை வைப்பது என்று தெரியவில்லை. 'நன்றி' எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அது மேடைக்கும் விண்ணப்பத்துக்கும் உரியது. 'தேங்க்ஸ்' என்றால் பஸ்ஸில் சில்லறை கொடுத்தவரிடம் சொல்வது. கழுத்துக் குழாயை மூடி "பேசிப் பாருங்க" என்று டாக்டர் சொன்னபோது அக்கா பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். மத்தியான வேளை. தயார் செய்ததெல்லாம் மறந்துபோய், கரகரத்த குரலில் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அக்கா, துன்னியா?"

அவர் விரிப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"இன்னும் இல்லம்மா. இத்தினி வருஷத்துல கட்டில்ல இருந்து என்னைய யாரும் இதக் கேட்டதில்ல."

"போய்த் துன்னு. நான் எங்கியும் போக மாட்டேன்" என்றேன். வார்டே சிரித்தது.

நான்கு மாதம் கழித்துச் சக்கர நாற்காலியில் நகரிக்கு வந்தேன். என் கணவர் எனக்குத் தலை பின்னிவிட்டார். அறுந்த நூலைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுகிற விரல்கள் அவை. முதல் நாள் தறியில் கட்டும் பாவு நூலைப்போல இழுத்துப் பின்னியதில் என் புருவமே மேலே ஏறிவிட்டது. "வலிக்குதுங்க" என்றேன். "சொன்னாத்தானே தெரியும்" என்றார். பதினேழு வருஷத்தில் அவரிடம் எனக்கு இன்னது வேண்டும் என்று சொல்லத் தொடங்கியது அப்போதுதான். தண்ணீர் வேண்டும். ஜன்னலைத் திறக்க வேண்டும். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஏதோ பரிசு வாங்கியவர்போலப் போவார். இத்தனை வருஷமாக நான் அவருக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.

தடியூன்றி நடக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. வேலையில் மறுபடி சேருவதற்கான தாள்களோடு சித்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். போக வேண்டிய அறை மாடியில். லிஃப்ட் இல்லை. கணவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார். படிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினேன். நல்ல காலை முதலில், மற்றதை அதன் பக்கத்தில். நாலைந்து படி ஏறியதும் பின்னால் யாரோ வருவது தெரிந்தது. வழிவிட ஒதுங்கினேன். அவர் தாண்டிப் போகவில்லை. வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறையில் பட்டா நகல்கள், வயலில் நின்று கறுத்த முகம். எனக்கு ஒரு படி கீழே நின்றார். நான் ஏறினால் அவரும் ஒரு படி ஏறினார். என்னைத் தொடவில்லை. கைகளை மட்டும் லேசாக விரித்து வைத்திருந்தார். திருப்பத்தில் நான் மூச்சு வாங்கி நின்றபோது அவரும் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படியை ஏறி நான் திரும்பியபோது, அவர் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

மாடியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நான் விழாமல் இருக்கத்தான் ஏறி வந்திருக்கிறார்.

அறையில் தாள்களில் கையெழுத்துப் போட்டேன். நான் திரும்பிப் பார்க்காத வருஷங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு படி கீழே வந்தார்களோ என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. பார்த்திருந்தால்தானே நினைவுக்கு வரும்.

வேலை முடிந்து, கணவரின் தோளைப் பிடித்து இறங்கி வந்தேன். கீழே ஒரு கவுண்டரின் முன்னால் நீண்ட வரிசை. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அதன் கடைசியில் நின்றார். முன்னால் நின்ற ஒருவர் அவரிடம் தெலுங்கில், "நீ எனக்கு முன்னால் அல்லவா நின்றாய், எங்கே போய்விட்டாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்னாலதானே உங்க இடம் போச்சு?" என்றேன். தெலுங்கில் சொல்ல நினைத்தது, பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது.

அவருக்குப் புரிந்தது. "பர்லேதம்மா" என்றார், பரவாயில்லை என்று. பிறகு தமிழிலேயே, "படி ரொம்ப ஒசரம். கட்னவன் நல்லா நடக்கறவன் போல" என்று சிரித்தார்.

கணவர் போய் மூன்று டீ வாங்கி வந்தார். வரிசை மெதுவாக நகர்ந்தது. வெள்ளைச் சட்டைக்காரருக்குச் சத்தியவேடு பக்கம், நிலத்தில் ஏதோ எல்லைத் தகராறு, இது ஐந்தாவது நடை என்றார். எங்கள் பஸ் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. அவர் முறை வரும்வரை நாங்கள் மூவரும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.