நான்கு எல்லையோடு எழுதிய காதல் கதை

மூன்று சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் பின்னட்டையில் ஒரே வாசகம்தான்: காதலையும் மனித பலவீனத்தையும் கருணையோடு சொல்பவர். முதல் தொகுப்புக்கு யாரோ எழுதியதை மற்ற இரண்டுக்கும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது மூன்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகக் கொண்டுவரப் போகிறார்களாம். பதிப்பகத்திலிருந்து போன் செய்த பெண், "எந்தக் கதையாவது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க சார்" என்றாள். ஒரு கதையைச் சொன்னேன். பதறிப்போனாள். "ஐயோ சார், அதுதானே எல்லாருக்கும் பிடிச்ச கதை!"

எல்லாருக்கும் பிடிக்கும்தான். அதுதான் எனக்கு அலுப்பு. தஞ்சாவூரில் எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்து, அந்தக் கதையின் கருணையைப் பற்றி முக்கால் மணி நேரம். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயதாகிவிட்டது, கால் வீங்குகிறது, பொய்யாகச் சிரிக்கத் தெம்பில்லை. நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. முத்துப்பேட்டை போகும் சாலையில் ஒரு சின்ன ஊர். அங்கே சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் சாய்வு மேசை போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் கிரயப் பத்திரம், வீடு திரும்பியதும் காதல் கதை. இரண்டிலும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர்.

டீக்கடைக்கு டீக்கடை கறுப்பு சிவப்புக் கொடி பறந்த காலம் அது. வரப்புகளில் செங்கொடி. ஆட்சி மாறி, குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா கச்சேரியில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் வயலைவிட்டு லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் முந்திக்கொண்டார்கள். அப்பன் காலத்திலிருந்து உழுதவரை, இவர் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு வந்தவர் என்று எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நானும் எழுதித் தந்தேன். அதுவும் என் பிழைப்புதான், பெருமைக்குச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள குடும்பம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, என் வயலைக் குத்தகைக்குச் செய்யுறவரு பேரைப் பதிஞ்சுக்கச் சொல்லி நானே எழுதித் தரணும். கச்சேரியில ஒத்துக்குவாங்கதானே?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நிலத்துக்காரர் வலிய வந்து எழுதிக் கொடுப்பதை அதற்கு முன் நான் கண்டதில்லை. அந்த மாதிரி வீட்டுப் பெண்கள் உழுகிறவரை 'அவரு' என்று சொல்லியும் கேட்டதில்லை.

"சர்வே நம்பர் சொல்லுங்கம்மா."

"நம்பரெல்லாம் தெரியாது தம்பி. எல்லை சொல்றேன், எழுதிக்கங்க."

சொன்னார். வடிகால் வாய்க்காலுக்கு மேற்கு, கோயில் மானிய நிலத்துக்குக் கிழக்கு, தென்னந்தோப்புக்குத் தெற்கு, களத்துமேட்டுப் பாதைக்கு வடக்கு. எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். அவர் அதோடு நிறுத்தவில்லை. "வாய்க்கா மதகுகிட்ட ஒரு நுணா மரம் நிக்கும். மத்தியானம் அங்கதான் உக்காந்து சாப்புடுவாரு. வெயில் ஒரு பொட்டு படாது" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மரத்தைக் கடிதத்தில் எழுதவில்லை. அவர்களுக்குள் வேறு என்ன இருந்தது, ஏதாவது இருந்ததா என்பதே எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் சாப்பிடும் இடத்தில் வெயில் படுகிறதா என்பது இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அது போதும். அன்று சாயங்காலமே ஆரம்பித்து, எல்லாருக்கும் பிடித்த அந்தக் காதல் கதையை நான்கு நாளில் முடித்தேன். ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன். பெயர்களை மாற்றினேன், வயதைக் குறைத்தேன், ஊரைப் பேராவூரணிப் பக்கம் தள்ளிவைத்தேன். வயலை மட்டும் தள்ளிவைக்க மறந்துபோனேன். அந்த ஆள் வயலில் இறங்கும் இடம் வந்ததும் கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. வாய்க்காலுக்கு மேற்கு, மானியத்துக்குக் கிழக்கு, தோப்புக்குத் தெற்கு, பாதைக்கு வடக்கு, மதகடியில் நுணா மரம். எட்டு வருஷமாகத் தினமும் பத்திரம் எழுதிய கை. வயல் என்று ஆரம்பித்தால் நான்கு எல்லையும் எழுதாமல் அதற்கு நிற்கத் தெரியாது. பட்டணத்து வாசகர்கள் அதை அழகான வர்ணனை என்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது விலாசம்.

அந்த அம்மாவின் கடிதத்தோடு குத்தகைக்காரர் மனுக் கொடுத்திருந்தார்; தாசில்தார் விசாரணைக்கு வாய்தா மேல் வாய்தா போட்டுக்கொண்டிருந்தார். வார இதழ்க்காரர்கள் மூன்றே வாரத்தில் கதையைப் போட்டுவிட்டார்கள். அந்தக் கிராமத்து சலூனில் ஒருவர் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து, எல்லை வந்ததும் நிறுத்தி, "அட, இது நம்மூரு வயலுல்ல!" என்றாராம். பொழுது சாய்வதற்குள் இதழ் அந்த அம்மாவின் கொழுந்தனார் கைக்குப் போய்விட்டது. அவருக்கு அந்த வயல்மேல் ஏற்கெனவே ஒரு கண்.

விசாரணை அன்று நானும் கச்சேரிக்குப் போயிருந்தேன். பயத்தில்தான் போனேன். கொழுந்தனார் இதழைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே குத்தகைக்காரரை வராந்தாவில் மறித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை.

"எங்க அண்ணி ஏன் எழுதிக் குடுத்தாங்கன்னு தாசில்தார் கேப்பாரு. நான் இதைப் படிச்சுக் காட்டுவேன். அப்புறம் அவங்களையே வரவழைச்சு விசாரிக்கச் சொல்லுவேன். படிக்கட்டுமா?"

குத்தகைக்காரருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. ஊர் அவர் காதுபடப் பேசியாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அம்மாவின் கடிதம், என் கையெழுத்தில், தாசில்தார் மேசைமேல் இருந்தது. எத்தனை வருஷமாகக் குத்தகை செய்கிறாய் என்று கேட்டார்.

"குத்தகை இல்லீங்க. கூலிக்குத்தான் உழுதேன். அந்தம்மா விவரம் தெரியாம எழுதிக் குடுத்துட்டாங்க."

தாசில்தார் நல்ல மனிதர், இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் அதே பதில். மனு தள்ளுபடி ஆயிற்று. அப்பனும் மகனுமாக உழுத வயல். நான் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய் அது என் கற்பனை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்திரம் எழுத வந்தவர் சொன்னதை வெளியே விட்டதற்கு லைசென்ஸ் போய்விடும் என்று பயந்தேன். இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் குத்தகைக்காரர் ஊரில் இல்லை. மனைவி செத்துப்போய்த் தனி ஆளாக இருந்தவர், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். வயலைக் கொழுந்தனார் எடுத்துக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து, அறுவடை முடிந்த சமயத்தில், அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். மிகவும் இளைத்திருந்தார்.

"தம்பி, உங்க கதையைப் பக்கத்து வீட்டுப் பொண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கடைசியில அவரு வேதாரண்யம் போயி உப்பளத்துல சேந்துட்டாருன்னு எழுதியிருக்கீங்க. நானும் நாலு தடவை போயிட்டு வந்துட்டேன். பாத்தி பாத்தியா நின்னு கேட்டேன். அப்படி யாரும் இல்லைங்கிறாங்க. எந்த உப்பளம்னு எழுதாம விட்டுட்டீங்களே தம்பி. அதை மட்டும் சொல்லுங்க."

அந்த முடிவு, கதையை எப்படி முடிப்பதென்று தெரியாமல் நான்காவது நாள் நானாகப் போட்டது. அதுவரை நான் வேதாரண்யம் பக்கம் போனதே கிடையாது. ஆனால் எல்லை சரியாக இருந்தது, மரம் சரியாக இருந்தது, அவர் ஊரைவிட்டுப் போனதும் கதையில் உள்ளபடியே நடந்துவிட்டது. மிச்சமும் சரியாகத்தான் இருக்கும் என்று அந்த அம்மா நம்பிவிட்டார்.

அவர் முகத்தில் கோபமே இல்லை. என்னை விட்டால் கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. அது சும்மா எழுதினதும்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தெக்கால கடைசியில இருக்கிற உப்பளமா இருக்கும்மா. அங்க விசாரிச்சுப் பாருங்க."

"அப்படியா! நான் அந்தக் கோடிக்குப் போகவே இல்லை தம்பி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.

பஸ் வர அரை மணி நேரம் ஆயிற்று. என் மேசையிலிருந்து நிறுத்தம் தெரியும். அவர் ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.