பூட்டுக்காரரின் பொறாமை

பூட்டுக்காரரின் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பது அவள் வேலை. யாரோ ஒருவர் கையிலிருந்து எடுத்த தோல் செல்களை எட்டு மாதமாக இதயத் தசையாக மாற்றிக்கொண்டிருந்தாள். தட்டில் அவற்றுக்குச் சாப்பாடாக ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும். தவறினால் போச்சு.

"பசங்களுக்குப் பசிக்கும்" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். அவருக்குக் காய்ச்சல் கொதித்த அன்றும் மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு ஓடினாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றை நினைத்து வயிறு எரிவது கேவலம்தான். எரிந்ததே, என்ன செய்ய? போன மாதம் அது முதல்முறையாகத் துடித்ததாம். ஃபோனில் வீடியோ எடுத்து வந்து காட்டினாள். கல்யாண ஃபோட்டோவைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் துடிக்குது" என்று சொல்லிவிட்டு அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு ஞாயிறு காலை அவளே ஃபோனில் கூப்பிட்டாள். "என்னங்க, நேத்து சாவியை உள்ளயே கோட்டுல விட்டுட்டேன். கதவு தானா பூட்டிக்கிச்சு. இன்னொரு சாவி பெரிய டாக்டர்கிட்ட இருக்கு, அவர் வெளிநாட்டுல. உடைக்க விடமாட்டேன்னு வாட்ச்மேன் நிக்கிறாரு. சீக்கிரம் வாங்களேன்!"

போனார். மண்டிபோட்டுக் கம்பியை விட்டார். சாதாரணப் பூட்டு. உள்ளே, சாவி தூக்கிவிடும் முட்கள் ஒவ்வொன்றாக எழும்புவது விரலுக்குத் தெரிந்தது. கடைசி முள்ளும் எழும்பியது, இனி ஒரு திருப்புத்தான். அப்போது அவள் கதவுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "இதோ வந்துட்டேன்டா செல்லம்" என்றாள். இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு தரமாவது அப்படிக் கொஞ்சியிருப்பாளா? கம்பியைத் தளர்த்தினார். முட்கள் விழுந்தன.

முக்கால் மணி நேரம் வியர்க்க விறுவிறுக்கக் குடைந்துவிட்டு எழுந்தார். "புது மாதிரிப் பூட்டும்மா. நம்மால ஆகாது."

"உங்களாலயே முடியலைன்னா யாராலயும் முடியாதுங்க. தப்பு என்னோடது" என்று சொல்லி, அவர் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். அவர் ஆசைப்பட்டதும் அதுதானே? ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை அனுமதி வந்து, தச்சர் பலகையை அறுத்துப் பூட்டைக் கழற்றினார். உள்ளே எதுவும் துடிக்கவில்லை.

சாயங்காலம் அழுத முகத்தோடு வந்தவள் அந்தப் பூட்டை மேஜையில் வைத்தாள். "உங்களையே தோக்கடிச்ச பூட்டு. கடையில வெச்சுக்குங்க." பிறகு, முதலிலிருந்து எப்படி ஆரம்பிக்கப் போகிறாள் என்று சொல்லத் தொடங்கினாள். இன்னும் எட்டு மாதமா என்று அவருக்குள் மறுபடியும் புகைந்தது. பூட்டு எப்போது கைக்கு வந்ததோ, சட்டைப் பையிலிருந்து கம்பி எப்போது வந்ததோ, அவருக்கே தெரியாது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

டக்.

அவள் திறந்துகொண்ட பூட்டைப் பார்த்தாள்.

"முக்கா மணி நேரம்" என்றாள் அவள். "என் பக்கத்துல உக்காந்து நடிச்சிருக்கீங்க."

"பொறாமைம்மா. அதுங்க மேல."

"அதுங்களுக்குக் கண்ணு மூக்குகூடக் கிடையாதுங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பார். மறுநாள் அவரே வலியப் போய்க் கேட்டார். "புதுப் பூட்டு நான் வந்து மாட்டட்டுமா?"

"மாட்டியாச்சு. அடுத்த தெருக் கடைக்காரரு வந்து மாட்டினாரு" என்றாள், செருப்பைப் போட்டுக்கொண்டே. "அவசரம்னா கூப்பிட அவர் நம்பரைத்தான் கதவுல ஒட்டியிருக்கேன்."