சேர்மனுக்குப் பதிலாக வந்தவர்

அரியலூர்க் கல்யாண மண்டபத்தில், "ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க மாமா" என்று நீட்டிய மைக் கீச்சென்று கத்தியது. ஐம்பது வயதான என் முழங்கால்கள் என்னைக் கேட்காமலே ஓடப் பார்த்தன. அவை இன்னும் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை.

நான் நாலாம் வகுப்புப் படிக்கையில், குன்னம் பக்கத்தில் எங்கள் பள்ளியில் சுதந்திர தின விழா. கொடியேற்ற வரவேண்டிய யூனியன் சேர்மன் வரவில்லை. டீக்கடையில் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஹெட்மாஸ்டர் அவசரமாகக் கூட்டிவந்தார். சுதந்திரம் வந்தபின் நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவராம். வரவேற்புரை என்னுடையது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை மாற்றத் தெரியாமல், சேர்மன் பெயரைச் சொல்லியே அவரை வரவேற்றுவிட்டேன். மைதானமே சிரித்தது. டவுசர் நனையாததுதான் பாக்கி.

பெரியவர் எழுந்தார். "சேர்மன் சார்பாத்தான் வந்திருக்கேன். தம்பி சரியாத்தான் சொன்னாப்ல" என்றார். சிரிப்பு அடங்கியது.

விழா முடிந்ததும் அவரிடம் ஓடி, "உங்க பேரு என்னங்க தாத்தா?" என்று கேட்டேன்.

"அடுத்த வருசமும் கூப்புடுங்கப்பா, மைக்லயே சொல்றேன்" என்று சிரித்துவிட்டுத் தனியாக நடந்தார்.

அடுத்த வருடம் சேர்மனே வந்துவிட்டார்.