நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது எனக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நம்புகிறவர்கள், லீவு நாளில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் தனியாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

என் பெயர் ஷர்மிளா. விமானப் பொறியியல் படித்தவள். படித்தது ஏரோப்ளேன், பார்ப்பது செருப்பு என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். கம்பெனியின் டெஸ்டிங் லேபில் வேலை. மெஷினில் ஷூவை மாட்டிவிட்டால் அது ஆயிரக்கணக்கான தடவை மடக்கி மடக்கி நிமிர்த்தும். நடுநடுவே நிறுத்தி, எங்கேயாவது விரிசல் விட்டிருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

மேல்விஷாரம் வஹீதா என்னோடு படித்தவள். பெங்களூரில் விமானம் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனிக்கு இருவரும் விண்ணப்பித்திருந்தோம். இருந்தது ஒரே இடம். திங்கட்கிழமை இன்டர்வியூ. பறந்து பறந்து களைத்துப்போன விமானத்தில் விரிசல் எப்படி வளர்கிறது என்பதைத்தான் அங்கே துருவித் துருவிக் கேட்பார்களாம். அதற்கென்றே ஒரு பழைய கையேடு உண்டு. இப்போது அச்சில் இல்லை. கல்லூரி நூலகத்தில் அதன் பெயர் இருந்தது, புத்தகம் இல்லை. நெட்டில் தேடினால் அட்டை மட்டும் வரும். மாதக்கணக்கில் நாயாய் அலைந்தோம். யாருக்குக் கிடைத்தாலும் மற்றவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு.

கிடைத்தது எனக்கு. அதுவும் ஒரு ஷூவுக்குள்ளிருந்து.

தைத்து முடித்த ஷூவின் முனை சப்பிப்போகாமல் இருக்க உள்ளே காகிதம் திணிப்பார்கள். சின்ன யூனிட்டுகளில் பழைய பேப்பரைத்தான் திணிப்பார்கள். அப்படி வந்த ஒரு சாம்பிள் ஷூவிலிருந்து காகிதத்தை உருவினால்... விமான இறக்கையின் படம். கீழே விரிசல் கணக்கு. அந்த யூனிட்டுக்குப் பழைய பேப்பர் போடும் கடையை விசாரித்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து மிச்சப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். முன்னால் சில தாள்கள் போயிருந்தன. எங்களுக்கு வேண்டிய அத்தியாயம் முழுசாக இருந்தது.

“நெமிலி ஆளோட புக்குமா. பச்சையப்பன்னு, ஏரோப்ளேன் வேலை பார்த்து ரிட்டையரானவரு. போன வருசம் தவறிட்டாரு. வீட்ல எடைக்குப் போட்டுட்டாங்க” என்றார்.

வஹீதாவிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. புத்தகத்தை லேபில் ஒரு ஷூ டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு இடம் எனக்கே வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டர் ஒன்றுக்கு டெஸ்ட் ஓட வேண்டியிருந்தது. கேட்டில் வாட்ச்மேன். உள்ளே நான் மட்டும். வெளியே மழை மூட்டம்.

டக்... டக்... டக்...

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் டப்பாவைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். விரிசல் இல்லை என்று நம்பாதே, கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்று சொல்லும் பக்கம். வரிமேல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. மணி 2.10. வஹீதா.

“புக்கு கெடச்சுதாடி?”

“இல்லடி.”

அவள் பக்கம் ஏதோ தாள் சரசரத்தது. பிறகு கேட்டாள். “நல்லா தேடிப் பாத்தியா?”

“பாத்துட்டேன்டி. எங்கியும் இல்ல.”

“சரி, வெக்கிறேன்.”

என் விரல் அந்த வரியிலேயே இருந்தது.

மெஷின் நின்றுவிட்டது.

கரண்ட் போகவில்லை. ஃபேன் ஓடியது. எழுந்து போய்ப் பார்த்தேன். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. மாட்டியிருந்த ஷூ பாதி மடங்கிய நிலையில் நின்றிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சர்... சர்...

யாரோ காகிதத்தைக் கசக்குகிறார்கள்.

எலி என்று நினைத்தேன். ரேக்கைத் தட்டினேன். சத்தம் நிற்கவில்லை. அது ரேக்கிலிருந்து வரவில்லை. என் மேஜையிலிருந்து வந்தது. மேஜைமேல் இருந்த சாம்பிள் ஷூவுக்குள்ளிருந்து.

அந்த ஷூவைக் காலையில் நான்தான் காலி செய்திருந்தேன்.

சர்... சர்...

முனை மெதுவாக உப்பியது.

எனக்கு ஏன் அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. கையை உள்ளே விட்டேன்.

காகிதம் இருந்தது. ஈரமாக... இல்லை, வெதுவெதுப்பாக. பிடித்து இழுத்தேன். வரவில்லை.

உள்ளே இருந்து என் விரல்களுக்கு எதிராக இன்னும் காகிதம் நெருக்கியது.

யாரோ திணிக்கிறார்கள்.

கையை உருவிக்கொண்டேன். பின்னால் நகர்ந்தேன். புத்தகம் கண்ணில் பட்டது.

தொண்ணூற்றாறாம் பக்கம். அடுத்தது... நூற்று முப்பத்தொன்று.

அந்த அத்தியாயமே இல்லை.

கிழித்த தடம்கூட இல்லை.

டக்...

மெஷின்.

டக்... டக்...

காதுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு. சலித்துப்போன பெருமூச்சு.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் பெங்களூர். விரிசலைப் பற்றித்தான் கேட்டார்கள். எனக்கு ஷூவின் முனை உப்பியதுதான் நினைவுக்கு வந்தது. உளறினேன். வேலை வஹீதாவுக்கு என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள்.

ஊர் திரும்ப இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என்னால் தாங்க முடியவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். எங்கிட்டதான்டி இருந்துச்சு என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

“தெரியும்” என்றாள் வஹீதா.

தன் ஃபைலைத் திறந்தாள். உள்ளே தாள்கள். அந்த அத்தியாயம் மொத்தமும். இஸ்திரி போட்டும் கசங்கல் போகவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஷூ முனையின் வளைவு அப்படியே தெரிந்தது.

“ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து குடுத்தார்டி. நெமிலி, பேரு பச்சையப்பன்னார். உன் ஃப்ரெண்டுகிட்ட மிச்சம் இருக்கு, கேட்டுப் பாரு, அவளே குடுப்பான்னார். தண்ணிகூட குடிக்கல, போய்ட்டார்.”

எப்போது வந்தார் என்று மட்டும் கேட்டேன். நான் ஓடிவந்த பிறகு வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

“நேத்து மத்தியானம் ஒண்ணர மணி இருக்கும். அதனாலதான் உனக்கு போன் பண்ணேன்” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினாள். “நீ இல்லன்னு சொன்னப்போ, நூத்திப் பன்னண்டாம் பக்கத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

நானும் அந்தப் பக்கத்தில்தான் விரல் வைத்திருந்தேன்.