தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பிறை

வலியசாலை அக்கிரகாரத்தில் சேஷன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். சர்க்கார் கச்சேரியில் தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியைப் பார்த்து அளவு குறித்து வைப்பது அவர்களில் ஒருவருடைய வேலை என்பதால் தெருக்காரர்கள் அவரை மழைச் சேஷன் என்றார்கள். மலையாளக் கொல்லம் ஆண்டு 1081-இல் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இருபத்தாறு வருஷங்களில் அவர் குறித்த அளவில் ஒரு பிழை கண்டுபிடித்தவர் இல்லை. மனைவி விஜயம் மட்டும், "மழை பெய்யறதான்னு இவரைக் கேட்டா வாசலைப் பார்க்க மாட்டார், நோட்டைத்தான் பார்ப்பார்" என்று கேலி செய்வாள்.

நான்கு வயதில் தாயை இழந்த அவரை வளர்த்தவர்கள் பெரியப்பா சுந்தரராமய்யரும் பெரியம்மா நீலாம்பாளும். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. பெரியப்பா கோர்ட்டில் நகலெழுதி ஓய்வு பெற்றவர். சேஷன் தலையெடுத்த பிறகும் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

1107-ஆம் வருஷம் ஐப்பசித் திருவோணத்தன்று பெரியப்பாவுக்கு எண்பது நிறைந்தது. என்ன கொடுப்பது என்று சேஷன் ஒரு மாதம் முன்பிருந்தே யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

"பெரியப்பா, ஒரு நல்ல சால்வை வாங்கட்டுமா?"

"சால்வையா? இந்த ஊர்ப் புழுக்கத்துலயா? என்னை வேக வைக்கறதா உத்தேசமா?"

"ஈட்டி மரத்துல ஒரு கைத்தடி?"

"கைத்தடி எதுக்குடா? உன் பெரியம்மா எதுக்க வந்தாலே நான் நேரா நடப்பேன்."

"பின்னே என்னதான் வேணும், சொல்லுங்கோ."

பெரியப்பா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சிரிக்கப்படாது, கேட்டயோ? கல்யாணத்தப்போ அவளுக்கு ஒம்பது வயசு. முகூர்த்தம் விடியக்காலம். அப்பா மடியில உக்காந்தவ அப்படியே தூங்கிப் போயிட்டா. தூங்கற குழந்தை கழுத்துலதான் நான் தாலி கட்டினேன். அறுபதுல அவ முழிச்சிண்டிருக்கச்சே கட்டலாம்னு இருந்தேன். அதுவும் நடக்கலை. ஒரே ஒரு தடவை, அவ பார்த்துண்டிருக்கச்சே கட்டணும். அதைப் பண்ணி வை. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அங்க என்ன ரகசியம்?" என்று உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "எனக்கு ஓர்மையே இல்லாத கல்யாணத்தை ஊருக்கெல்லாம் சொல்லியாறதா? முழிச்சுப் பார்த்தா கழுத்துல கயறு, கையில வாழைப்பழம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அறுபதாம் கல்யாணம் நடக்காததற்குக் காரணம் சேஷனின் தகப்பனார். 1087 ஐப்பசியில், குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால் அவர் இறந்து போனார். தீட்டு வந்துவிட்டது. அதைப் பற்றிப் பெரியம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் தம் அப்பாவால் போன ஒன்றைத் தாமே திருப்பித் தர வேண்டும் என்று சேஷன் இருபது வருஷமாக நினைத்திருந்தார். எண்பதுக்கு மேல் ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் உண்டு. அன்று மறுபடி தாலி கட்டலாம். அதை ஒரு குறையும் இல்லாமல் நடத்திக் கொடுப்பது என்று தீர்மானித்தார். பெரியப்பாவுக்கு அவர் தேர்ந்தெடுத்த பரிசு அதுதான்.

பங்குனியில் வாத்தியார் பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"எண்பது வயசும் எட்டு மாசமும். ஆனி எட்டாம் தேதி திருவோணம். உத்தராயணம். பேஷா இருக்கு."

சேஷன் தம் நோட்டைக் கொண்டு வந்தார். பெரியப்பா பிறந்த 1027 ஐப்பசி முதல் ஒவ்வொரு அமாவாசையையும் பழைய பஞ்சாங்கங்களிலிருந்து எடுத்து எழுதியிருந்தார். அந்த வேலைக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஆனி எட்டுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு பிறைதான் ஆறது. இன்னும் மூணு வரணும். ஆயிரமாவது பிறை ஆவணி பதினேழு. அதுக்கப்புறம் வர திருவோணத்துல வச்சுக்கலாம். ஓணத்தன்னிக்கே வரது."

"சேஷா, இதென்ன மழையா, அங்குலத்தை நூறா வெட்டிச் செண்டுக்கு ஒரு கோடு போட்டு அளக்கறதுக்கு? எல்லாராத்திலேயும் எட்டு மாசக் கணக்குத்தான். ஆவணின்னா தட்சிணாயனமாயிடும்."

"தட்சிணாயனத்துல பண்ணப்படாதுன்னு இருக்கா?"

"அப்படி இல்லை. ஆனா..."

"மூணு பிறைதானே குறையறது?" என்று பெரியம்மா நடுவில் வந்தாள். "என் கணக்குலேர்ந்து எடுத்துக்கோங்கோ. நான் நிறையப் பார்த்திருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சேஷனும் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆயிரம் என்று சொல்லிவிட்டுத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழில் செய்தால் அது என்ன சதாபிஷேகம்? ஒரு தடவை தவறிப் போனதை இந்தத் தடவை அரைகுறையாகச் செய்வதா?

வாத்தியார் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா, "சேஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஆனி எட்டாம் தேதி வந்தது, போயிற்று. அன்று பெரியம்மா குளத்தில் குளித்துவிட்டு வந்து, தன் கையாலேயே சேவை பிழிந்து எல்லாருக்கும் போட்டாள். சேஷனுக்கு இரண்டாம் தடவையும் போட்டாள்.

ஆடி பதினெட்டாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அன்றிலிருந்து மழை ஓயவில்லை. இருபதாம் தேதியிலிருந்து பேச்சு தடுமாறியது. எப்போதோ செத்துப்போன தன் தங்கையைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டாம் தேதி காலையில் வந்த டாக்டர், வெளியில் வந்து குடையை விரித்துக்கொண்டே, "இன்னிக்குக் கடக்கறது கஷ்டம்" என்று சேஷனிடம் சொன்னார்.

சேஷன் அதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வாத்தியாரைக் கூப்பிடுடா" என்றார் பெரியப்பா. "எண்ணினது போரும்."

புதுத் தாலி இன்னும் தட்டான் பட்டறையில்தான் இருந்தது. ஆவணிக்குத்தானே என்று அவன் தொடவே இல்லை. ஆடி மாதமாயிற்றே என்று சேஷன் தயங்கியபோது வாத்தியார், "ஆடியாவது ஒண்ணாவது, ஒரு மஞ்சள் துண்டு எடுத்துண்டு வா விஜயம்" என்றார். சரட்டில் மஞ்சளை முடிந்து பெரியப்பாவின் கையில் கொடுத்தார்.

பெரியம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். விஜயம் தோளைத் தாங்கி நிமிர்த்தி உட்கார வைத்தாள். பெரியப்பா குனிந்து சரட்டைக் கழுத்தருகே கொண்டு போனார். பெரியம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரு மாமா நீங்க?"

"நான்தான்டி."

"வேண்டாம். கையை எடுங்கோ." அவள் கோபமாகச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவருக்குச் சொல்கிற மரியாதையோடுதான் சொன்னாள். "எங்காத்துக்காரர் வந்துடுவார். அவர் கட்டணும்."

"பெரியம்மா, இவர்தான் பெரியப்பா. நன்னாப் பாருங்கோ" என்றார் சேஷன்.

அவள் சேஷனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சேஷாவா? நீயே சொல்லுடா இவர்கிட்ட. அவருக்குப் பதினாறு வயசு. இவர் யாரோ தாத்தா." புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். "வாசல் ரேழியில போய் இருக்கச் சொல்லு. அவர் வரட்டும்."

பெரியப்பா மறுபடியும் ஒரு தடவை கையை நீட்டினார். அவள் சுவர்ப் பக்கமாக ஒதுங்கினாள். அவர் நிமிர்ந்தார்.

"சரி, நான் ரேழியில இருக்கேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சரட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சேஷன் அவளருகிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனி எட்டாம் தேதி பெரியம்மாவுக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே நாற்பத்தைந்து நாள். பஞ்சாங்கம் பார்க்காமலே அது அவருக்குத் தெரிந்தது. பெரியம்மா நடுநடுவே, "வந்தாச்சா?" என்று கேட்டாள். ஆயுசில் ஒரு தப்பான குறிப்பு எழுதாத சேஷன், "வந்துண்டே இருக்கார் பெரியம்மா" என்றார். நாலு தடவை சொன்னார். ஐந்தாம் தடவை அவள் கேட்கவில்லை. அப்போது மணி மாலை நாலேகால்.

விஜயம் தலையில் அடித்துக்கொண்டு அழ வாயெடுத்தாள். சேஷன் கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு ரேழிக்குப் போனார்.

அங்கே பெரியப்பா சுவரில் சாயாமல், புது வீட்டுக்கு வந்த விருந்தாளி போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேஷ்டியை மாற்றிப் பஞ்சகச்சம் கட்டியிருந்தார். நெற்றியில் விபூதி புதிதாக இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"கூப்பிடறாளாடா?" என்று கேட்டார்.

சேஷன் அவர் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.