அண்ணன் முன்னதாகச் சொன்ன கதை

கதை எழுதுவதற்கு முன்பே அதற்குத் திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜித்ராவில் பரஞ்சோதி மேடை மேடையாக அதைத்தான் சொல்லித் திரிகிறானாம். சொல்லட்டும். அந்தத் திட்டத்துக்கு என் அண்ணனைக் காவு கொடுத்ததை மட்டும் எந்த மேடையிலும் சொல்லமாட்டான்.

என் அண்ணன் பழனியாண்டி மலாயாவில் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். தாய் தகப்பன் இல்லாத எனக்கு எல்லாமே அவர்தான். வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் நாடகம்தான். முதல் காட்சியை எழுதி நடிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். மற்றது மரம் வெட்டும்போது மனதுக்குள் வளரும். திருவிழா நெருங்கும்வரை, வில்லனாக நடிக்கிற அழகேசனுக்குத் தான் பிழைப்போமா சாவோமா என்று தெரியாது. பாவம், அதைக் கேட்க எங்கள் லயத்து வீட்டுக்கு நடையாய் நடப்பார். ஒரு வருஷம் கொடுமைக்காரச் சித்தியைக் கொல்வதாக இருந்தது. எழுதிக்கொண்டு வரும்போது, தனக்கும் ஒரு வாய் சோறு போட ஆளில்லையே என்று அவள் அழுதுவிட்டாளாம். அதற்குமேல் அவளைக் கொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லை.

"முடிவு முன்னாடியே தெரிஞ்சுட்டா எழுதக் கை வராது, செல்லாயி. வாய்விட்டுச் சொல்லிட்டா அந்தக் கதை அதோட சரி" என்பார்.

பரஞ்சோதி அதை ஒப்புக்கொள்ளமாட்டான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, இங்கிலீஷ் படித்தவன், அண்ணனுக்கு உயிர்ச் சிநேகிதன். என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றவன். நூல் பிடித்துக் கன்று நடுவதுபோல் கதைக்கும் முதலில் நூல் பிடிக்க வேண்டும் என்பான். காட்டுக்கு யாருடா நூல் பிடித்தது என்று அண்ணன் கிண்டலடிப்பார்.

ஜப்பான்காரன் வந்தான். பால்வெட்டு நின்றது. சோற்றுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவன் திரும்பமாட்டான் என்ற பேச்சு லயமெல்லாம் சுற்றியது. வேலை போன கிராணிகளையும் அவர்கள் விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் பரஞ்சோதி ஒரு செய்தி கொண்டுவந்தான். சுங்கைப் பட்டாணியில் ஜப்பான்காரர்கள் நாடகக் குழு சேர்க்கிறார்கள். நாடகம் எழுதுகிறவன் சயாமுக்குப் போகவேண்டாம். தோட்டத்துக்கு ஓர் ஆள்தான். ஆனால் கதை முழுவதையும் முடிவோடு சேர்த்து, இங்கிலீஷில் ஒரு பக்கம் முதலிலேயே கொடுத்தாக வேண்டும்.

அண்ணன் ஆயுசில் முதல் தடவையாக, எழுதாத கதைக்கு வாய் திறந்தார். கிழங்கு சீவிக்கொண்டே நானும் கேட்டேன். கோலா கெடாவில் ஒரு படகுக்காரன். அவன் வீட்டைக் கொளுத்தியவனே ஒரு நாள் உயிருக்குப் பயந்து ஓடிவந்து, அக்கரையில் விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். அப்புறம், அப்புறம் என்று பரஞ்சோதி பிடுங்கியெடுத்தான். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில், கரை சேர்த்துவிடுவான் என்றார். ஏன் என்றால் அவருக்கே தெரியவில்லை. எழுதும்போது தெரியும் என்றார். பரஞ்சோதி அத்தனையையும் இங்கிலீஷில் எழுதி எடுத்துப்போனான். யார் பேரைப் போட்டிருக்கிறான் என்று வாசிக்க எங்களுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூடப் பழகியவனைச் சந்தேகப்பட்டிருப்போமா?

அடுத்த மாதம் லோரி வந்தது. வேலை வாங்கும் மண்டோர், சயாமுக்குப் போகிறவர்கள் பேரைக் கூப்பிட்டார். அழகேசன் பேருக்குப் பின்னால் அண்ணன் பேர். தான் நாடகக்காரன், தன் கதை ஆபீசுக்குப் போயிருக்கிறது என்று அண்ணன் நிதானமாகத்தான் சொன்னார். இந்தத் தோட்டத்து நாடகக்காரன் பரஞ்சோதி என்றார் மண்டோர். அவன் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"பரஞ்சோதி, நீயே சொல்லுடா, அது யார் கதை?" என்று அண்ணன் கேட்டார்.

அவன் திரும்பி ஆபீசுக்குள் போனான். அண்ணன் என் தலையைத் தொட்டுவிட்டு லோரியில் ஏறினார்.

அதோடு விட்டானா பரஞ்சோதி? ஒரு நாள் மத்தியானம் கூச்சமே இல்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையிலிருந்த திட்டம் ஆற்றின் நடுப்பகுதி வரைதான் ஓடியதாம். அதற்குமேல் படகுக்காரன் வாயில் ஒரு வார்த்தை வரவில்லையாம்.

"அண்ணன் உங்கிட்டச் சொல்லியிருப்பாரு, தங்கச்சி. அந்தப் படகுக்காரன் எதுக்காகத்தான் அவனைக் கரை சேர்க்கிறான்?"

கிழங்கு சீவும் கத்தி என் கையில்தான் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

"எழுதுனாத்தான் அண்ணனுக்கே தெரியும். அவரைத்தான் லோரி ஏத்தி அனுப்பிட்டியே. சயாமுக்குப் போயிக் கேளு."

அவன் எப்படியோ எழுதி முடித்தான். நாடகம் பார்த்துவிட்டு வந்த அடுத்த வீட்டு ராக்காயி, கடைசியில் படகுக்காரன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு கடமையைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்றான், எல்லாரும் கொட்டாவி விட்டார்கள் என்றாள். இருந்தாலும் பரஞ்சோதி பிழைத்துக்கொண்டான்.

சண்டை முடிந்து அழகேசன் மட்டும் திரும்பி வந்தார், எலும்பும் தோலுமாக. அண்ணனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி என் முன்னால் உட்கார்ந்து அழுதார். அங்கே முகாமில் கூட இருந்தவர்கள் கதை கேட்டால் அண்ணன் சளைக்காமல் சொல்வாராம். படகுக்காரன் கதையை மட்டும், வீடு எரிகிற இடத்தோடு நிறுத்திவிடுவாராம். முடிவுதான் தெரியுமே, சொல்லேன் என்று ஒரு நாள் அழகேசன் கேட்டிருக்கிறார்.

அதற்கு அண்ணன் சொன்னதை அழகேசன் அப்படியே சொன்னார்.

"கரை சேர்ப்பான்னு பரஞ்சோதிகிட்டச் சொன்னேன். இப்ப அவனைப் படகுல ஏத்தவே எனக்கு மனசு வரல."